நோயே இல்லாத துப்பாக்கி

அத்தியாயம் 9

துப்பாக்கி டாக்டர் தன் நோயாளியை ஸ்டேஷன் மேஜைமேல் கிடத்திவிட்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, உதட்டைப் பிதுக்கினார்.

"உடம்பு பூரா தேடிட்டேன். நோயே இல்ல."

"அப்ப டிஸ்சார்ஜ் பண்ணி வீட்டுக்கு அனுப்பிடலாமா சார்?" என்றான் சீப்பு.

டாக்டர் அவனை முறைத்தார். போலீஸ் இலாகாவுக்குத் துப்பாக்கி ரிப்பேர் பார்க்கிற அவருக்கு டாக்டர் பட்டத்தை யாரும் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார். அதனாலேயே அதைக் கேலி செய்தால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

சீப்பு என்பதும் பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. அவன் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீப்பு இருக்கும். அதற்கு வேலை கொடுக்கிற அளவுக்குத்தான் தலையில் முடி இருக்காது. முப்பதைத் தாண்டிய பிறகும் நம்பிக்கையைக் கைவிடாமல், பையில் ஒரு சின்ன எண்ணெய்ப் புட்டியும் வைத்துக்கொண்டு அலைகிறவன். ஊரெல்லாம் 'மேடம்' என்று மரியாதையாகக் கூப்பிடும் துப்பறியும் நிபுணி அவனுக்குச் சித்தி முறை, அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. லீவு வேண்டுமென்றால் மட்டும் அவனும் மேடம் என்பான்.

சித்தி டாக்டரையும் கவனிக்கவில்லை, நோயாளியையும் கவனிக்கவில்லை. லாக்கப் கம்பிக்குப் பின்னால் நிற்கிற மனிதரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மனிதருக்கு 'அட்டென்ஷன்' என்று பட்டப்பெயர். நகைக்கடை வாசலில் காவல் நிற்கும்போது விறைப்பாக நிற்பார், வீட்டில் குழம்புக்காகக் காத்திருக்கும்போதும் விறைப்பாகத்தான் நிற்பார் என்று அவர் மகளே சொன்னாள். இப்போது லாக்கப்பிலும் அப்படியே, குதிகால் சேர்த்து நின்றார். மகள் தையல்காரி. காலையில் சித்தியைத் தேடி ஓடி வந்தவள், கழுத்தில் கிடந்த அளவு டேப்பைக் கழற்ற மறந்திருந்தாள்.

நடந்தது இவ்வளவுதான். நேற்று மத்தியானம் ஹெல்மெட் போட்ட ஒருத்தன் இரும்புக் கம்பியோடு நகைக்கடைக்குள் நுழைந்தான். அட்டென்ஷன் ரெட்டைக்குழல் துப்பாக்கியை அவன் நெஞ்சுக்கு நேராக நீட்டினார். அவன் நிற்கவில்லை. நேராக வந்து, துப்பாக்கி முனையை ஒற்றை விரலால் ஒதுக்கிவிட்டு, வைரத் தட்டை அள்ளிக்கொண்டு போய்விட்டான். இரண்டு விசையையும் இழுத்தேன், சுடவில்லை என்கிறார் அட்டென்ஷன். இழுக்கவே இல்லை, திருடனுக்கு இவர் கூட்டாளி என்கிறார் இன்ஸ்பெக்டர். சாயங்காலம் கோர்ட். அங்கே இவர் பேச்சு எடுபடாவிட்டால் கம்பிக்குள்ளே எத்தனை வருஷமோ.

"ஒரு துப்பாக்கி சுடலன்னா அதுக்குன்னு சில வியாதி இருக்கும்மா," என்று டாக்டர் சித்தியிடம் பாடம் எடுத்தார். "முதல்ல தோட்டாவைச் சந்தேகப்படணும். பாதிப் பேர் தோட்டாவை ஈரத்துல போட்டு நமுத்துப்போக வச்சிடுவான். அப்புறம் ஊசி. விசையை இழுத்தா, உள்ள இருக்கிற ஊசி போய்த் தோட்டாவோட பின்பக்கம் டொப்புனு அடிக்கணும். ஊசி முனை மழுங்கிப் போச்சு, ஸ்பிரிங் தளர்ந்து போச்சுன்னா அடி விழாது. துரு இருந்தாலும் அப்படித்தான். சுட்டுட்டுச் சுத்தம் பண்ணாம அழுக்கோட வச்சாலும் மாட்டிக்கும்."

"மனுஷனுக்கு ஒரு வியாதியும் இல்லாமயா சார் இருக்கும்?" என்றான் சீப்பு.

"மனுஷன்தான் பெரிய வியாதி! பாதுகாப்புப் பூட்டை எடுக்காமயே விசையை இழுத்துட்டு, துப்பாக்கி சரியில்லன்னு எங்கிட்டத் தூக்கிட்டு வருவான்."

"நான் பூட்டை எடுத்தேன் சார்," என்று லாக்கப்பிலிருந்து குரல் வந்தது.

"எடுத்திருந்தார், ஒத்துக்கிறேன்," என்றார் இன்ஸ்பெக்டர். சுழலாத மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, ஒரு கோப்பால் விசிறிக்கொண்டிருந்தார். "ஆனா தோட்டாவோட பின்பக்கத்துல ஊசி அடிச்ச தடமே இல்ல மேடம். மழமழன்னு இருந்துச்சு. அதே ரெண்டு தோட்டாவை, அதே துப்பாக்கில போட்டு, இன்னிக்குக் காலைல இந்த வெயில்ல பின்பக்க மைதானத்துல நானே சுட்டேன். மணல் மூட்டை நடுவுல என் தலையே நுழையுற மாதிரி ஓட்டை. காக்கா எல்லாம் இன்னும் திரும்பி வரல. உங்க ஆளு கையில சுடாத துப்பாக்கி என் கையில மட்டும் எப்படிச் சுடும்?"

கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. தையல்காரியின் முகம் சுண்டிப்போனது. சீப்புக்கே பாவமாக இருந்தது. அப்பாவைத் திட்டவும் முடியாமல், கட்டிக்கொண்டு அழவும் முடியாமல் அவள் டேப்பைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

"இன்ஸ்பெக்டர் சார், துப்பாக்கியையும் இவரையும் கூட்டிட்டுக் கடைக்கே போவோமா?" என்றார் சித்தி. "நடந்த இடத்துல நின்னு பார்த்தா எனக்குப் புரியும்."

"அதெல்லாம் வழக்கமில்ல மேடம்."

"கடை முழுக்க ஏசி."

இன்ஸ்பெக்டர் விசிறுவதை நிறுத்தினார். சட்டம் தன் கடமையைச் செய்யத் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தது.

*

டாக்டர், தையல்காரி எல்லோருமாகக் கடைக்குள் கால் வைத்ததும் சீப்புக்குப் பல் கிடுகிடுத்தது. வெளியே தார் ரோடு இளகுகிற வெயில். உள்ளே விற்பனைப் பெண்கள் கழுத்தில் நெக்லஸும் அதற்கு மேலே சால்வையுமாக நின்றார்கள்.

"எப்படி என் குளிர்?" என்று வரவேற்றார் முதலாளி. தொந்தியும் சிரிப்பும் அவருக்கு முன்னால் வந்தன. "வெயில்ல வெந்து வர்ற கஸ்டமருக்குத் திரும்ப வெளிய போக மனசே வரக்கூடாது. நின்னா நகை பார்ப்பாங்க. பார்த்தா வாங்குவாங்க."

"நின்னா ஜன்னியும் வரும்," என்று முணுமுணுத்தான் சீப்பு.

அட்டென்ஷனைப் பார்த்ததும் முதலாளியின் சிரிப்பு காணாமல் போனது. "இந்த ஆளை ஏன் சார் கூட்டிட்டு வந்தீங்க? என் உப்பைத் தின்னுட்டு எனக்கே துரோகம் பண்ணவன்! இவனுக்கு நான் என்ன குறை வச்சேன்? வியர்த்து வழியிற காவலாளி கடைக்கு அழகில்லன்னு ஏசி காத்து நேரா விழற இடத்துல நிக்க வச்சேன். துப்பாக்கியைப் பாருங்க, கண்ணாடி மாதிரி மின்னுதா? தினம் எண்ணெய் போட்டுத் துடைக்கணும்னு என் உத்தரவு. சாயங்காலம் ஆனா என் ரூம் பீரோவுல நானே வச்சுப் பூட்டி, காலைல நானே எடுத்துக் கொடுப்பேன். சாவி என் இடுப்பை விட்டு இறங்காது. இவ்வளவு பார்த்துக்கிட்ட துப்பாக்கியால ஒரு திருடனைச் சுட முடியலையா உனக்கு?"

அட்டென்ஷன் குதிகாலை இன்னும் நெருக்கிச் சேர்த்துக்கொண்டார். முதலாளி பேசும்போது குறுக்கே பேசி அவருக்குப் பழக்கமில்லை.

முதலாளிக்குப் பின்னால் சோபாவில் அவருடைய ஒரே பிள்ளை, சின்ன முதலாளி, மொபைலை நோண்டிக்கொண்டிருந்தான். நேற்று அவன் ஊரிலேயே இல்லையாம். வெளியூர்க் கல்யாணம் ஒன்றுக்குப் போயிருந்தானாம்.

"இன்சூரன்ஸ்காரங்க வந்துட்டாங்களா?" என்றார் சித்தி.

"நாளைக்கு வர்றாங்க. அதுக்குள்ள இவன் மேல கேஸ் போட்டுட்டா நல்லது," என்றார் முதலாளி, மறைக்காமல்.

கேமரா பதிவை மேலாளர் அறையில் ஓட்டிக் காட்டினார்கள். கேமரா அட்டென்ஷனின் முதுகுப்பக்கம் இருந்ததால் அவர் விரல் தெரியவில்லை. ஹெல்மெட் ஆசாமி மட்டும் தெளிவாகத் தெரிந்தான். அவன் நடந்து வருவதைச் சித்தி திரும்பத் திரும்பப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் கொட்டாவி விடுகிற வரைக்கும் பார்த்தார்.

"சீப்பு, உன் நெஞ்சுக்கு நேரா ஒருத்தர் துப்பாக்கியை நீட்டினா என்ன பண்ணுவே?"

"உங்களைக் காட்டிக்கொடுத்துட்டு ஓடிடுவேன் சித்தி."

"இவன் ஓடல. பதுங்கல. கையைக்கூடத் தூக்கல. வாசல்ல தொங்கற துணியை ஒதுக்குற மாதிரி ஒதுக்கிட்டு வர்றான்."

"கூட்டாளி சுட மாட்டான்னு தெரியும்ல? அதான் தைரியம்," என்றார் முதலாளி.

"துப்பாக்கிகிட்ட பயம் இல்லாதவன் ரெண்டு ரகம்," என்றார் சித்தி. "புடிச்சிருக்கிறவரை நம்புறவன் ஒருத்தன். துப்பாக்கி காலின்னு நம்புறவன் இன்னொருத்தன்."

அதற்குமேல் அவர் விளக்கவில்லை. யோசிக்கும்போது அவரிடம் பேச்சுக் கொடுத்தால் எரிந்து விழுவார் என்பதால் சீப்பு நைசாக நழுவினான்.

நகைக்கடையில் கண்ணாடிக்குப் பஞ்சமா? ஒரு தூண் முழுக்கக் கண்ணாடி. அதில் தன் தலையைப் பார்த்ததும் அவனுக்கு வழக்கமான கவலை வந்தது. பையிலிருந்து எண்ணெய்ப் புட்டியை எடுத்து உள்ளங்கையில் கவிழ்த்தான். ஒரு சொட்டு விழவில்லை. உலுக்கினான். அடியில் தட்டினான். கடைசியில் சீப்பின் முனையை உள்ளே விட்டுக் குடைந்துகொண்டிருந்தபோது கண்ணாடியில் அவன் தலைக்குப் பின்னால் சித்தியின் முகம் தெரிந்தது.

"இது எப்பலேருந்து இப்படி?"

"ஸ்டேஷன்ல தளதளன்னு தண்ணியா இருந்துச்சு சித்தி. இங்க வந்ததும் கல்லா இறுகிப்போச்சு. எனக்குன்னு வர்ற தேங்காய் எண்ணெய்கூட எனக்கு எதிரா சதி பண்ணுது."

சித்தி சிரித்தார். நேற்று, இன்று இரண்டு நாளும் சேர்த்து அவர் சிரித்தது இதுதான் முதல் தடவை. தன் ஜோக்குக்குத்தான் சிரிக்கிறார் என்று நினைத்து சீப்பு பூரித்துப்போனான்.

"இன்ஸ்பெக்டர் சார், துப்பாக்கியைக் கொஞ்ச நேரம் அவர் நிக்கிற இடத்துல, அந்தக் காத்துக்கு நேரா சாத்தி வைங்க. அதுக்குள்ள முதலாளி நமக்கெல்லாம் சூடா காபி தருவார்."

*

காபி வந்தது. அதைக் குடிப்பதைவிடக் கோப்பையைப் பிடித்துக் கைக்குச் சூடு காட்டத்தான் எல்லோரும் விரும்பினார்கள். முதலாளி தன் வியாபாரப் பெருமையைப் பேசிப் பேசி இரண்டாவது காபிக்கும் ஆர்டர் போட்டார். அதையும் குடித்து முடித்தபின் சித்தி அட்டென்ஷனுக்கு எதிரே போய் நின்றார்.

"ஐயா, நேத்து காலைல துப்பாக்கியைக் கையில வாங்கினப்ப ஏதாவது வித்தியாசமா இருந்துச்சா?"

அவர் விறைப்பு ஒரு சுற்றுக் குறைந்தது. தலையைக் குனிந்தார்.

"சொல்லுப்பா," என்றாள் மகள். "ஜெயிலுக்குப் போறதைவிட அவமானம் வேற என்ன இருக்கு?"

"காலியா இருந்துச்சும்மா," என்றார் அவர், மகளைப் பார்த்தே. "முந்தின நாள் சாயங்காலம் தோட்டாவோடதான் முதலாளி கையில கொடுத்தேன். ஆனா காலைல மடக்கிப் பார்த்தா ரெண்டு குழாயும் காலி. எனக்குத்தான் மறதி வந்துடுச்சுன்னு நெனச்சேன். வயசாயிடுச்சுன்னு வீட்டுக்கு அனுப்பிடுவாங்களோன்னு பயந்து யார்கிட்டயும் சொல்லல. இடுப்பு பெல்ட்ல ரெண்டு இருந்துச்சு, எடுத்துப் போட்டுட்டுப் போய் நின்னுட்டேன்."

"கேட்டீங்களா சார்? மறதிக் கேஸு!" என்று முதலாளி பெரிதாகச் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு தொந்தி வரைக்கும் இறங்கவில்லை. "மறதியோ என்னவோ, போட்டுட்டான்ல? தோட்டா இருந்துச்சுல்ல? அப்புறமும் ஏன் சுடல? விசையை இழுக்கவே இல்ல. நீங்களே சொன்னீங்க, தடமே இல்லன்னு!"

"அதைத்தான் இப்பப் பார்க்கப் போறோம்," என்ற சித்தி டாக்டர் பக்கம் திரும்பினார். "தோட்டா இல்லாமயே ஊசி அடிக்குதா இல்லையான்னு பார்க்க வழி உண்டா?"

டாக்டருக்கு வாயெல்லாம் பல். குளிர்ந்து கிடந்த துப்பாக்கியை மடக்கி, இரண்டு குழாயும் காலி என்று எல்லோருக்கும் காட்டினார். மேலாளர் மேஜையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து, குழாய்க்குள் ஆடாமல் நிற்கிற அளவுக்குக் காகிதம் சுற்றி, முனை கூரையைப் பார்க்கத் துப்பாக்கியை நிமிர்த்தி உள்ளே போட்டார். "ஊசி அடிச்சா பென்சில் எகிறும். இந்தத் துப்பாக்கில கூரை வரைக்கும் எகிறும், பாருங்க," என்று விசையை இழுத்தார்.

உள்ளே ஏதோ சோம்பேறித்தனமாக நகர்ந்த மாதிரி ஒரு சத்தம். பென்சில் அசையவில்லை.

டாக்டர் மறுபடி மடக்கி, மறுபடி இழுத்தார். அடுத்த குழாய்க்கும் பென்சிலை மாற்றிப் பார்த்தார். பென்சில் இருந்த இடத்திலேயே நிம்மதியாக இருந்தது.

"காலைல நல்லாத்தானே இருந்துச்சு," என்றார் டாக்டர். வெளிறிவிட்டார், பாவம். நோயே இல்லை என்று எழுதிக் கொடுத்த நோயாளி கண்முன்னாலேயே கண்ணை மூடினால் எந்த டாக்டர்தான் தாங்குவார்?

"உள்ள திறந்து பாருங்க."

பையிலிருந்த திருப்புளியால் அங்கேயே கழற்றினார். ஊசி ஓடுகிற துவாரம் முழுக்க வெள்ளையாக, மெழுகு மாதிரி ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். சீப்பு குனிந்து முகர்ந்தான். அந்த வாசனை அவனுக்குப் பரிச்சயமானது. தினமும் அதோடுதான் தூங்கி எழுகிறான்.

"சித்தி! இது என் தலை!"

"தேங்காய் எண்ணெய்," என்றார் சித்தி. "வெயில்ல தண்ணி. குளிர்ல மெழுகு. உங்க மைதானத்து வெயில்ல இளகி வழிவிட்டுடுச்சு, நீங்க சுட்டீங்க. இந்த ஏசிக்குக் கீழ நாளெல்லாம் நின்னவர் கையில இறுகிக்கிட்டு ஊசியைப் புடிச்சு வச்சிடுச்சு. இழுத்தும் அடி விழல, அதான் தோட்டாவுல தடம் இல்ல. துப்பாக்கிக்கு நோய் இல்ல டாக்டர், ஜலதோஷம்."

தையல்காரி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிடியில் அவருடைய சட்டைக் கை கசங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சீப்புக்குப் புரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

சித்தி இன்னும் முடிக்கவில்லை. இப்போது அவர் முதலாளியை மட்டும் பார்த்துப் பேசினார்.

"ஆகமொத்தம் இவர் பொய் சொல்லல. பயந்து நிக்கவும் இல்ல. நேத்து மத்தியானம், அந்த ஹெல்மெட் பையன் நெஞ்சுக்கு நேரா, கை எட்டுற தூரத்துல, நல்ல தோட்டா போட்டு, இவர் ரெண்டு விசையையும் இழுத்திருக்கார். மணல் மூட்டையோட ஓட்டையை நான் பார்த்தேன். இன்ஸ்பெக்டர் தலை நுழையும். ஒரு ஸ்பூன் எண்ணெய் மட்டும் இறுகாம இருந்திருந்தா..."

முதலாளி கையிலிருந்த காபிக் கோப்பை கீழே விழுந்தது.

அவர் யாரையும் பார்க்கவில்லை. தட்டுத் தடுமாறி சோபாவுக்கு ஓடினார். பிள்ளையின் சட்டையைப் பிடித்து இழுத்து, பொத்தான் தெறிக்க விலக்கி, அவன் நெஞ்சை இரண்டு கையாலும் தடவினார். இல்லாத காயத்தைத் தேடித் தேடித் தடவினார். "ராசா... என் ராசா..." என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

சின்ன முதலாளி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான். மொபைல் எப்போதோ நழுவிக் கீழே விழுந்திருந்தது.

"காலி பண்ணிட்டேன்னு சொன்னீங்களேப்பா!" என்றான் அவன், சின்னக் குழந்தை மாதிரி. "தைரியமா போ, ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னீங்களேப்பா!"

இன்ஸ்பெக்டருக்கு விஷயம் மெதுவாகத்தான் உறைத்தது. உறைத்ததும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"அப்பாவே தோட்டாவை எடுத்துட்டு, புள்ளையையே திருடனா அனுப்பிட்டு, இன்சூரன்ஸுக்குக் காத்திருந்தாரா மேடம்?"

"பீரோ சாவி அவர் இடுப்பை விட்டு இறங்காதுன்னு அவரே சொன்னார் சார். ராத்திரி தோட்டாவை எடுக்க வேற யாரால முடியும்? துப்பாக்கி காலின்னு நம்பி வர, அவர் சொல்லி அனுப்பினவனாலதான் முடியும். காவலாளி தன் வேலையைச் சரியாப் பார்ப்பார்ங்கிறது ஒண்ணுதான் அவர் கணக்குல வரல."

"சித்தி, அப்ப இந்தக் கேஸைக் கண்டுபுடிச்சது என் தலைதானே?" என்றான் சீப்பு.

"உன் தலைக்கு வெளிய இருந்தது," என்றார் சித்தி.

அட்டென்ஷன் இதையெல்லாம் கேட்டாரா என்றே தெரியவில்லை. சோபாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பையன் பள்ளிக்கூடப் பையோடு இந்தக் கடைக்குள் ஓடி வந்த காலத்திலிருந்து அவனுக்குக் கதவு திறந்துவிட்டவர் அவர். மகள் தாங்கிப் பிடித்து ஒரு நாற்காலியில் உட்கார வைத்தாள். அந்தக் கடையில் அவர் உட்கார்ந்ததை அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை.

"நான் அந்தப் புள்ளையக் கொன்னுருப்பேனேம்மா," என்றார். அவர் கண் நிறைந்து வழிந்தது.

இன்ஸ்பெக்டர் இரண்டு பேரையும் வாசலுக்கு நடத்திக்கொண்டு போனார். நாற்காலியைத் தாண்டும்போது முதலாளி நின்றார். தொந்தி ஒடுங்கி, ஆளே பாதியாகத் தெரிந்தார். சற்று முன்வரை துரோகி என்று வாய்கிழியத் திட்டிய மனிதருக்கு எதிரே கையைக் கூப்பினார்.

"ஐயா... அந்த எண்ணெய்... நீ மட்டும் அதை ஊத்தாம இருந்திருந்தா என் வம்சமே போயிருக்கும். உனக்கு எப்படித் தோணுச்சு?"

முதலாளி கேள்வி கேட்டுவிட்டார். அட்டென்ஷன் பழக்கத்தில் எழுந்து நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு குதிகால் சேர்த்தார்.

"எனக்கு எங்க முதலாளி தோணுச்சு? துப்பாக்கி எண்ணெய் நாத்தம் அடிக்குது, கஸ்டமர் மூக்கைப் பொத்திக்கிறாங்க, வாசனையா தேங்காய் எண்ணெயைத் தாராளமா ஊத்துன்னு நீங்கதானே உத்தரவு போட்டீங்க."